நிற்கிற மரம்

அரிவாளின் பின்புறத்தால் இன்னாசிராஜ் அடிமரத்தை மூன்று இடங்களில் தட்டிப் பார்த்தார். மூன்றாவது தட்டில் சத்தம் பொத்தென்று உள்ளே போய் அடங்கியது. ஊஞ்சல் கட்டக் கொண்டுவந்த கயிற்றைத் தோளிலிருந்து இறக்காமலே நின்றார். சித்திரபுரம் சரிவில் இருக்கும் அந்த விடுதிக்கு அழகே அந்த மரம்தான். மேற்கிளையில் ஒட்டி வளர்ந்த செடி, நரிவால் போல ஊதாவும் வெள்ளையுமாகப் பூத்துத் தொங்கியது. வேர்ப்பக்கம், ஈரப் பாசிக்கு நடுவே, தட்டுத் தட்டாகப் பழுப்புக் காளான். முப்பது வருஷம் தேயிலை எஸ்டேட்டில் நிழல்மரம் ஏறிக் கிளை கழித்தவர் முதலில் பார்ப்பது கீழேதான்.

"கட்ட முடியாது மேடம்."

மலையாளத்துக்காரியான விடுதி மேனேஜர் டின்சி அண்ணாந்து பார்த்தாள். "எந்தா சேட்டா? பூ இத்ர நல்லா விரிஞ்சிருக்கல்லோ. மரத்துக்கு என்ன கேடு?"

"அந்தப் பூச்செடி மரத்துல சும்மா உக்காந்திருக்கு. மழையையும் காத்தையும் குடிச்சு வளருது. மரம் செத்தாலும் பூக்கும். இந்தக் காளான் அப்படியில்ல. மரத்தத் தின்னாத்தான் அதுக்குச் சோறு. உள்ள எவ்வளவு தின்னிருக்குன்னு வெளிய தெரியாது."

மறுநாள் டின்சி வரவழைத்த வேறொரு மரமேறி, பூபதிராஜா, வந்து ஊஞ்சலைக் கட்டிவிட்டுப் போனான். விடுதிச் சமையலறையில் வேலை பார்த்த இன்னாசிராஜின் மனைவி கத்தரீனாள்தான் வந்து சொன்னாள். "யார் பெத்த பிள்ளைகளோ, ரெண்டு ரெண்டா ஆடுதுங்க. நீங்க ஒண்ணும் பேசப் போகாதீங்க." அவர் பேசவில்லை. பட்டப்பகலில், விருந்தினர் பார்த்துக்கொண்டிருக்க, ஆடிய குழந்தையை இறக்கிவிட்டு இரண்டு கயிறுகளையும் அறுத்துப்போட்டார். சாயங்காலமே கத்தரீனாளை இனி வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

மழைக்காலம் முழுக்க மரம் நின்றது. பக்கத்துச் சரிவில் நோயில்லாத மரங்கள் வேரோடு சாய்ந்தன. கரண்ட் கம்பி அறுந்தது. அது மட்டும் நின்றது. ஐம்பத்திரண்டு வயதில் மறுபடி கொழுந்து பறிக்கப் போன கத்தரீனாள், வீடு திரும்பியதும் ஒன்றுதான் கேட்பாள்.

"விழுந்துச்சா?"

"நிக்குது."

காற்று சுழன்றடிக்கும்போதெல்லாம் தன் காது அந்த மரம் விழும் சத்தத்துக்குக் காத்திருப்பது அவருக்குத் தெரிந்தது. உடனே நெற்றியில் சிலுவை போட்டுக்கொள்வார்.

ஆகஸ்டில் ஒருநாள் அவள் வந்து எதுவும் கேட்கவில்லை. கொழுந்துக்காட்டில் உடம்பு நனையாமல் இடுப்பில் கட்டும் படங்கின் முடிச்சு, விறைத்த விரல்களுக்கு அவிழவில்லை. அவர் குனிந்து பல்லால் கடித்து இழுத்தார். தேயிலைக் கறை நாக்கில் கசந்தது. அவள் அவர் தலையில் கையை ஊன்றிக்கொண்டு, வெளியே பெய்வதைப் பார்த்தபடி நின்றாள்.