முன்வலக் கைப்பிடி

எங்கள் தலைவரைக் கிடத்தித் தூக்கும் சந்தூக்குப் பெட்டிக்கு முன்பக்கம் முப்பத்தொன்பது கைப்பிடிகள் இருக்கின்றன. தச்சன் வைத்தவை இரண்டு, மற்றவை முளைத்தவை. முந்தைய தலைவரை அடக்கம் செய்த நாளில் முன்னால் வலது கைப்பிடியைப் பிடித்துக் குழிவரை போனவர்தான் இவர். ஆகவே அடுத்தவரும் அந்த வழியாகத்தான் வருவார் என்பது கோக்தாஷ் நகரத்தில் குழந்தைக்கும் தெரியும். அரசியல் சட்டத்திலும் ஏதோ எழுதியிருப்பதாகச் சொல்வார்கள். புரட்டிப் பார்த்தவர்கள் அதில் தலைவரின் படங்களைத்தான் கண்டார்கள். மாளிகையிலிருந்து சந்தூக்கு கிளம்பியதுமே உள்துறை அமைச்சரும் குதிரைத்துறை அமைச்சரும் முலாம்பழத்துறை அமைச்சரும் அந்த ஒரே கைப்பிடிமேல் விழுந்தார்கள். நீட்டிய கைக்கெல்லாம் மரம் ஒரு கைப்பிடி விட்டது. அடக்கம் செய்யும் கபர்ஸ்தானுக்கு வந்தபோது சந்தூக்கு வாசலைவிட அகலமாகிவிட்டிருந்தது. சுவரை இடித்தார்கள். ஒரு முழம் இடித்தால் சந்தூக்கு இரண்டு முழம் அகன்றது. கையை எடுக்க யாருக்கும் துணிவில்லை. ஊரை இன்னொரு முறை சுற்றிவரலாம் என்று திரும்பினார்கள்.

இதில் மாட்டிக்கொண்டவள் பேருந்து ஓட்டுநர் ஹோஜாபெர்தியின் மனைவி மாய்சா. தலைவருக்குச் சளி பிடித்திருந்த வசந்தகாலத்தில் ஹோஜாபெர்தி தேநீர்க்கடையில் உட்கார்ந்து, "ஆளு போய்ச் சேர்ந்துட்டாராமே" என்று சொல்லிவிட்டான். மறுநாள் தலைவர் தொலைக்காட்சியில் தோன்றி ஒரு முழு முலாம்பழத்தைத் தின்று அதை மறுத்தார். பொய்ச்செய்தி பரப்பியதற்காக ஹோஜாபெர்தி உள்ளே போனான். இலையுதிர்காலத்தில் தலைவர் மெய்யாகவே இறந்ததும் மாய்சா சிறைக்கு ஓடினாள்.

"ஐயா, எம்புருஷன் சொன்னது உண்மையாயிடுச்சில்ல? விட்டுடுங்க."

"எது உண்மையாச்சு?" என்றார் சிறை அதிகாரி.

"அவரு செத்தது!"

"யாரு சொன்னா?"

"தெருவுல தூக்கிட்டுப் போறாங்களே ஐயா!"

"தூக்கிட்டுப் போறாங்க, அவ்வளவுதான். செத்தார்னு அறிவிக்க வேண்டியது அடுத்த தலைவர். அது யாருன்னு தெரிஞ்சா எங்கிட்டயும் சொல்லு தங்கச்சி. எந்தப் படத்தை மாட்றதுன்னு தெரியாம ஆணிய மட்டும் அடிச்சு வெச்சிருக்கேன்."

மாய்சா ஊர்வலத்தின் கூடவே நடந்து, யாராவது ஒருவர் ஜெயிக்கும்படி மற்றவர்கள் விட்டுக்கொடுக்கக் கூடாதா என்று கெஞ்சினாள். "மொதல்ல குதிரை விடட்டும்" என்றார் முலாம்பழம். "பழம் அழுகி விழட்டும், அப்புறம் பாக்கலாம்" என்றார் குதிரை. உள்துறை மட்டும் குரலைத் தாழ்த்தி உண்மையைச் சொன்னார்: "கைய எடுத்தா என்னையும் இதுக்குள்ளயே போட்டு மூடிடுவாங்கம்மா. மத்தவங்கள நான் அப்படித்தானே செஞ்சேன்."

ஆண்டுகள் போயின. சந்தூக்கு வியாழக்கிழமைகளில் சந்தைத் தெரு வழியாக வரும், நாங்கள் தக்காளித் தட்டுகளை உள்ளே இழுத்துக்கொள்வோம். கல்யாண ஊர்வலங்கள் அதற்கு வழிவிடும். தந்தைகள் நடந்தபடியே இறந்தால் மகன்கள் கைப்பிடியை வாங்கிக்கொண்டார்கள். எல்லோரும் முன்னாலேயே நெருக்கியதில் பின்பக்கம் தரையில் இழுபட்டது. தலைவருக்கு அது மரியாதையில்லை என்று கைதிகளைக் கொண்டுவந்து தோள்கொடுக்க வைத்தார்கள். அவர்களில் ஒருவனாக, நரைத்த தாடியோடு, ஹோஜாபெர்தி வெளியே வந்தான். அவன் கைக்கும் ஒரு கைப்பிடி முளைத்தது. மகன் இல்லாத ஒருவர் முன்னால் சரிந்தால் பின்னால் இருப்பவர்கள் ஒரு சாண் முன்னேறுவது வழக்கமானது.

அவனுக்குக் காவல் போட்டிருந்த சிப்பாய் ஒரு வியாழக்கிழமை நடந்தபடியே தூங்கிவிட்டான். மாய்சா கணவனின் பக்கத்தில் போய்ச் சேர்ந்துகொண்டாள்.

"விட்டுட்டு வாய்யா வீட்டுக்கு. ஒருத்தனும் பாக்கல."

"இவ்வளவு தூரம் வந்துட்டு எப்படி விடறது? இந்த வரிசையில எனக்கு முன்னாடி ஆறே பேரு. அதுல ரெண்டு பேருக்கு இருமல்."

"உனக்கெதுக்குய்யா அந்தப் பதவி?"

"பைத்தியக்காரி, தலைவரானாத்தானே எனக்கு நானே மன்னிப்புக் கொடுத்துட்டு வீட்டுக்கு வர முடியும்?"

மாய்சா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, இருமுகிறவர்களில் பக்கத்தில் இருப்பவன் எவன் என்று கேட்டு, அவன் முகத்தை நன்றாகப் பார்த்துவைத்துக்கொண்டாள்.