ஏழாவது மாடிக்குப் பிறகு

என் அண்ணன் அப்துல் மஜீதிடம் ஒரு கதை இருக்கிறது. கல்யாண வீடோ பெருநாளோ, நாலு பேர் கூடிவிட்டால் போதும், எடுத்துவிட்டுவிடுவான். தொண்ணூற்றொன்பதில், பதினாறு வயதில், டிவி கேமில் கோட்டை ஆட்டத்தின் ஏழு மாடியையும் ஏறி முடித்த கதை. தென்காசியிலேயே அதை முடித்தவன் அவன் ஒருத்தன்தானாம். இருபத்தாறு வருஷமாக வாயை மூடிக்கொண்டு கேட்டிருக்கிறேன். முடித்தது நான்.

இந்த சீசனுக்கும் பிள்ளைகுட்டிகளோடு குடும்பமாகக் குற்றாலத்தில் லாட்ஜ் எடுத்திருந்தோம். காலையிலேயே அருவியில் தண்ணீர் கூடிப்போனதால் குளிக்கத் தடை போட்டுவிட்டார்கள். அண்ணன் அவசரக்காரன், அதற்குள் எண்ணெய் தேய்த்துக்கொண்டு வந்து நிற்கிறான். குளிக்கவும் முடியாது, காசு கொடுத்துத் தேய்த்த எண்ணெயைத் துடைக்கவும் மனசு வராது. துண்டைக் கட்டிக்கொண்டு, உச்சி முதல் பாதம் வரை மினுமினுவென்று பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். வேலையில்லாத வாய் சும்மா இருக்குமா, கதை தொடங்கியது.

"ஏழாவது மாடியில இரும்புத் தேளு நிக்கும். எனக்கு ஒத்த உசுருதான் பாக்கி. விட்டேன் பாரு, ஒரே அடி."

"முடிச்சதும் என்ன வரும் வாப்பா?" என்று கேட்டான் அவன் மகன் ஹுஸைஃபா. பதினேழு வயது, கையில் எந்நேரமும் போன்.

"கோட்டை இடிஞ்சு விழும். வாணவேடிக்கை போடும். பொறவு ஆட்டத்தச் செஞ்சவம் பேரெல்லாம் வரிசையா வரும்."

அன்றைக்கு என்ன வந்ததோ எனக்கு, சொல்லிவிட்டேன். "ஒண்ணும் வராது. டிவி கறுத்துப்போவும். பொறவு மறுபடியும் ஒண்ணாவது மாடி. அம்புட்டுதான்."

ஹுஸைஃபா உடனே யூடியூபில் தேடினான். எந்த நாட்டுக்காரனோ ஆடி முடித்துப் போட்டிருந்தான். கோட்டை இடிந்தது, வாணவேடிக்கை போட்டது, பெயர்கள் வரிசையாக வந்தன. அறையே சிரித்தது. என் மதினி ஆசியாகூடச் சிரித்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"வீடியோவுலயே வருது பாரு. ஏட்டி மாஜிதா, நீ ரெண்டாவது ரிமோட்டப் புடிச்சிக்கிட்டு சும்மா உக்காந்திருந்தவ. ஒனக்கு என்ன தெரியும்?" என்றான் அண்ணன்.

எனக்குத் தெரிந்தது இதுதான். சவூதியில் வேலை பார்த்த வாப்பா தம்மாமிலிருந்து கொண்டுவந்த கேசட் டூப்ளிகேட். ஒரே கேசட்டுக்குள் அறுபத்து நாலு ஆட்டத்தை அடைத்தவர்கள், இடம் போதாமல் கோட்டை ஆட்டத்தின் முடிவை வெட்டி எறிந்துவிட்டார்கள். அந்தக் கேசட்டில் முடித்தவருக்கு மட்டும்தான் அது தெரியும். நான் முடித்த வெள்ளிக்கிழமை அண்ணன் சிநேகிதன் மீரானோடு புளியறைக்குப் போயிருந்தான். திரும்பி வந்ததும் ஓடிப்போய் அவனிடம்தான் முதலில் சொன்னேன். முடிவில் என்ன வந்தது என்று அவன் கேட்பதற்குள் பக்கத்து வீட்டில் வாப்பாவின் போன். ரிசீவரை அவன்தான் எடுத்தான். "வாப்பா, நான் கோட்டைய முடிச்சிட்டேன்" என்றான்.

அடுத்த லீவில் வாப்பா அவனுக்கு வாட்ச் வாங்கி வந்தார். எம் மவன் மூளைக்காரன் என்று தெருவெல்லாம் சொன்னார். எனக்கு அப்போது பதின்மூன்று வயது, பேச வாய் வரவில்லை. வாட்சுக்காக நான் அழவில்லை. வாப்பா என்னைப் பற்றி அப்படி ஒரு வார்த்தை சொல்லியிருப்பார், அது எனக்கு வரவேண்டியது. அவர் மவுத்தாகி எட்டு வருஷம் ஆகிறது. கடைசிவரை அவருக்குத் தெரியாது.

"அந்த டிவி கேம் செட்டும் கேசட்டும் என் வீட்டு அலமாரி மேலதான் கெடக்கு. கொண்டு வாரேன்," என்றேன்.

"அது செத்து எத்தன வருஷமாச்சு."

"ஓடலன்னா நான் சொன்னது பொய்யின்னே வச்சுக்க. ஓடுனா முடிச்சுக் காட்டுதேன். நீ சொன்னது வந்தா இனி நான் வாயத் தொறக்கல. நான் சொன்னது வந்தா, எல்லாரு முன்னாலயும் நீ உள்ளதச் சொல்லணும்."

"போ, கொண்டா," என்றான். ஓடாது என்ற தைரியம் அவனுக்கு.

தென்காசிக்கு பஸ் ஏறிப்போய், ஒரு மணி நேரத்தில் பையோடு திரும்பினேன். பையில் செட்டோடு என் கடைச் சாமான்களும் இருந்தன. நான் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். பிரிண்டர் மக்கர் பண்ணினால் மெக்கானிக்குக்குப் போன் போடுகிற பழக்கம் எனக்கில்லை. கோளாறு எந்தப் பக்கம் என்று முதலில் பிரித்துக்கொள்ள வேண்டும். அதற்குமுன் எதையும் தட்டக்கூடாது, ஆட்டக்கூடாது.

முதல் தகராறு டிவியோடு. செட்டிலிருந்து வருவது மஞ்சள் வயர், சுவரில் மாட்டியிருந்த எல்இடி டிவியில் மஞ்சள் ஓட்டையே இல்லை. "பாத்தியா, புது டிவியில இதெல்லாம் எடுக்காது," என்றான் அண்ணன். டிவியின் முதுகுக்குப் பின்னால் கையை விட்டுத் தடவி, போனில் ஒரு படம் எடுத்துப் பார்த்தேன். பச்சை ஓட்டையைச் சுற்றி மெல்லிசாக ஒரு மஞ்சள் வளையம் போட்டிருந்தது. ஒரே ஓட்டைக்கு இரண்டு வேலை. மஞ்சள் வயரை அதில் சொருகி, டிவி ரிமோட்டில் ஏவி என்று மாற்றினேன். கேசட்டைப் போடாமல் செட்டை மட்டும் ஆன் செய்தேன். 'சிக்னல் இல்லை' என்ற எழுத்து போய், திரை முழுக்க ஒரே சாம்பல் நிறம் வந்தது.

"ஒண்ணுமே வரலியே மாமி," என்றான் ஹுஸைஃபா.

"வந்திருக்குல்லா. செட்டுக்கு உயிரு இருக்கு, வயரு நல்லாருக்கு, டிவி எடுக்கு. இனி கோளாறுன்னா கேசட்டுலதான்."

கேசட்டைப் போட்டேன். கட்டம் கட்டமாகச் சிதறி, பாதி எழுத்து மேலேயும் மீதி கீழேயுமாக நின்றது. நான் வெளியே எடுத்ததும் அண்ணன் பாய்ந்துவந்து அதைப் பிடுங்கி, வாயருகே கொண்டுபோய் ஃபூ என்று ஒரு ஊது ஊதினான். ஊதியது போதாதென்று எண்ணெய் வழியும் கட்டைவிரலால் கேசட்டின் செம்புப் பின்களைத் துடைத்தும் விட்டான்.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. "கீழ வை அத. நீ ஊதி ஊதித்தான் அதுல பச்சை பிடிச்சிருக்கு. எச்சிலு பட்டா செம்பு களிம்பேறாம என்ன செய்யும்? இப்ப எண்ணெய வேற அப்பிட்டே."

"ஊதுனாத்தான ஓடும். எல்லாரும் அப்படித்தான செஞ்சோம்."

"ஓடுனது நீ ஊதுனதுனால இல்ல. திரும்பச் சொருவுனதுனால."

நல்ல ரப்பராக ஒன்று எடுத்து, பின்களின் மேல் ஒரே போக்கில் தேய்த்தேன். பச்சையும் கறுப்புமாகத் தூள் உதிர்ந்தது. காது குடையும் பட்ஸை ஸ்பிரிட்டில் நனைத்து இரண்டு பக்கமும் துடைத்தேன். நாலு பட்ஸ் கறுத்தன, ஐந்தாவது வெள்ளையாகவே வந்தது. செட்டின் பள்ளத்துக்குள் விரல் போகாது. பழைய ஏடிஎம் கார்டில் துணியைச் சுற்றி, ஸ்பிரிட் விட்டு, கேசட் மாதிரியே பத்துத் தடவை சொருகி எடுத்தேன். எல்லாம் காயட்டும் என்று கால் மணி நேரம் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். அண்ணன் கழற்றி வைத்திருந்த வாட்சைப் பார்த்துக்கொண்டே இருந்தான், நான் அசையவில்லை.

மறுபடி போட்டேன். நீலத்திரையில் அறுபத்து நாலு பெயரும் பளிச்சென்று வந்து நின்றன. ஆசியா மதினி மெதுவாக என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

ஆனால் முதல் ரிமோட் வேலை செய்யவில்லை. வயரை எலி கடித்து, உள்ளே இரண்டு இழை அறுந்து தொங்கியது. மிச்சம் என் பழைய ரிமோட். அதில் ஸ்டார்ட் பட்டன் கிடையாது. இரண்டாவது ஆளுக்கு எதற்கு ஸ்டார்ட் என்று அப்படியே செய்து விற்றார்கள். ஸ்டார்ட் இல்லாமல் ஆட்டம் தொடங்காது.

"சரி, விடுட்டி. இம்புட்டுத் தூரம் ஓடுனதே பெருசு," என்றான் அண்ணன். குரலில் அத்தனை பாசம்.

நான் ரிமோட்டின் ஸ்குரூக்களைக் கழற்றி மூடியைத் தூக்கினேன். உள்ளே இருந்த பச்சைப் பலகையைப் பார்த்து அப்படியே உட்கார்ந்துவிட்டேன். ஸ்டார்ட் பட்டனுக்கான செம்புத் தடம் அதில் இருந்தது. இரண்டு ரிமோட்டுக்கும் ஒரே பலகையைத்தான் போட்டிருக்கிறார்கள். என் மூடியில் ஓட்டை போடாமல் விட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான். அத்தனை வருஷமும் அது என் கைக்குள்தான் இருந்திருக்கிறது.

அந்த ரிமோட்டை முதல் ஓட்டையில் சொருகினேன். பட்டியலில் கோட்டை ஆட்டமே ஏழெட்டுப் பெயரில் இருக்கும், ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாடியில் தொடங்கும், கடைசியதற்கு முப்பது உயிரும் கிடைக்கும். கடைசிப் பெயருக்கு அம்புக்குறியை நகர்த்தினேன்.

"ஏழாவது மாடியிலேந்தா? முப்பது உசுரோடயா? இது கள்ளாட்டம்," என்றான் அண்ணன்.

"பந்தயம் ஏறுததுல இல்ல. முடிச்ச பொறவு என்ன வருதுங்கதுல."

தலைத்துணியில் குத்தியிருந்த ஊக்கை உருவினேன். மூடியை லேசாக நெம்பி, ஊக்கு முனையால் அந்தத் தடத்தின் இரண்டு கரையையும் தொட்டேன். ஆட்டம் தொடங்கியது. மூடியை அமுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

முதல் பத்து உயிர் சும்மா போனது. விரல்கள் மறந்துபோயிருந்தன. அண்ணன் ஒவ்வொன்றையும் சத்தமாக எண்ணினான். இருபதைத் தாண்டியதும் தேள் எப்போது வாலைத் தூக்கும் என்பது நினைவுக்கு வரத் தொடங்கியது. அது வாலைத் தூக்கும் நேரம் குனிய வேண்டும், இறக்கும் நேரம் குதித்துச் சுட வேண்டும். இருபத்தேழாவது உயிரில் தேள் வெடித்தது.

திரை கறுத்தது.

"போச்சு. கேசட்டு போயிட்டுது. நான் அப்பவே சொன்னம்லா," என்று எழுந்தான் அண்ணன். செட்டை அணைக்கக் கை நீட்டினான்.

"தொடாத," என்றேன்.

வெளியே சாரல் ஜன்னல் தகரத்தில் விழுந்துகொண்டிருந்தது. பிறகு ஆட்டம் தொடங்கும்போது வரும் அந்தப் பழைய பாட்டு ஒலித்தது. நான் ஆட்டிய சிப்பாய் கோட்டை வாசலில், ஒன்றாவது மாடியில் வந்து நின்றான். கோட்டை இடியவில்லை, வாணவேடிக்கை போடவில்லை.

"கேசட்டு கோளாறுதான் இது, திரும்ப ஆன் ஆயிருக்கு," என்றான் அண்ணன்.

"அப்படின்னா அறுபத்து நாலு பேரு உள்ள மெனுவுல்லா வரணும்? மேல பாருங்க வாப்பா, மாமியோட ஸ்கோரு அப்படியே நிக்கி," என்றான் ஹுஸைஃபா.

ஆசியா மதினி புருஷனைத் திரும்பிப் பார்த்தாள். "அப்ப நீங்க எத முடிச்சிய?"

அண்ணன் துண்டின் நுனியைத் திருகிக்கொண்டே தரையைப் பார்த்தான். "மீரான் வீட்டு கேசட்டுல அப்படித்தான் வருமாம். அவஞ் சொன்னதத்தான்..." நிறுத்தினான். அப்புறம் முணுமுணுப்பாக, "அன்னைக்கு நான் வீட்டுல இல்ல," என்றான்.

"கேக்கல," என்றேன். உண்மையில் எனக்கு நன்றாகக் கேட்டது.

அவன் நிமிர்ந்து பிள்ளைகளைப் பார்த்தான். "மாஜிதாதான் முடிச்சா. வாப்பாட்ட நான் பொய் சொன்னேன்."

அறையில் இருந்த எல்லோருக்கும் கேட்டது. கேட்க வேண்டிய ஒருத்தருக்குக் கேட்காது. அது தெரிந்ததும் எனக்குக் கண் கலங்கியது. அதற்காக அவனை விட்டுவிட முடியுமா?

"வார ஞாயித்துக்கெழம இலத்தூர்ல கல்யாணம் இருக்குல்லா," என்றேன். "அங்கனயும் இத இதே சத்தத்துல சொல்லணும்."