மினிட் புக்கில் ஒரு ஆட்சேபணை

மரிய அருள் குடியரசு தினத்து மிட்டாயைப் பிரிக்காமலே கையில் வைத்திருந்தான். கொடியேற்றி முடிந்த கையோடு ஏரிப் பாசனச் சங்கத்தின் பொதுக்குழுவைச் சமுதாயக் கூடத்தில் கூட்டியிருந்தார்கள். சங்கத்தின் புதிய சட்டதிட்டம் வாசிக்கப்பட்டுக்கொண்டிருந்தது. மொத்தம் இருபத்திரண்டு விதிகள். பத்தொன்பதாவதுதான் அவனுக்கு இடித்தது. இனி மதகு திறந்தால் முதலில் தலைமடைக்கு, அதாவது மதகை ஒட்டிய வயல்களுக்கு. அங்கே பாய்ந்து முடிந்த பிறகே கீழே தண்ணீர்.

அவனுடைய ஒன்றரைக் காணி வயல் கடைமடையில், அபிஷேகப்பாக்கம் போகிற வாய்க்காலின் கோடியில் கிடந்தது. பயிர் பால் பிடிக்கிற சமயம். இதுவரை மதகு பார்க்கிற ஆள் எந்த வயல் வாடுகிறது என்று பார்த்துத் தண்ணீர் விடுவார். விதி என்று எழுதிவிட்டால் அவராலும் ஒன்றும் செய்ய முடியாது. பத்து நாள் தண்ணீர் தவறினால் எல்லாம் பதர்தான். அப்புறம் அறுத்தென்ன, அறுக்காவிட்டால் என்ன!

செயலாளர் பாக்யராஜ் கெட்டவர் இல்லை. பாகூரில் உரக்கடை வைத்திருக்கிறார். சங்க வேலை என்றால் கடையை அப்படியே போட்டுவிட்டு ஓடி வருவார். அவசரக்காரர், அவ்வளவுதான். கூட்டத்துக்குக் கூட்டம் 'ஏகமனதாக நிறைவேற்றப்பட்டது' என்று எழுதிக் கை வலித்துப்போய், அதையே ரப்பர் ஸ்டாம்பாகச் செய்து வைத்திருந்தார். வேறெந்தச் சங்கத்துக்காவது இப்படி ஒரு யோசனை தோன்றியிருக்குமா, சொல்லுங்கள்! இங்கே எதிர்த்துக் கை தூக்கி யாரும் பார்த்ததில்லை. தூக்குவதற்குள் ஸ்டாம்பு விழுந்துவிடும்.

இன்றைக்கும் மடமடவென்று வாசித்து முடித்து, ஸ்டாம்பை மைப்பெட்டியில் ஒற்றிவிட்டார்.

"ஒரு நிமிஷம்ணா," என்றான் மரிய அருள். எழுந்து நிற்பது தான்தானா என்று அவனுக்கே சந்தேகம். "பத்தொம்பதாவது விதிக்கு நான் ஆட்சேபணை. புக்குல எழுதிக்குங்க."

"இன்னாபா இது, நல்ல நாளும் அதுவுமா!" பாக்யராஜுக்குச் சுருக்கென்று வந்துவிட்டது. "மத்த முப்பது பேரும் ஒத்துக்கினாங்க, உனக்கு மட்டும் இன்னா?"

"கடைமடைன்னு ஒரு வார்த்தைகூட இல்லியேண்ணா."

"குடியரசு தினத்துல நின்னுக்கினு சட்டத்தையே எதுக்குறியா?"

பின்வரிசையில் சிரித்தார்கள். பேசாமல் உட்கார்ந்துவிடலாம் என்றிருந்தது. ஊரைப் பகைத்துக்கொண்டு நாளைக்கு எந்த வரப்பில் நடப்பது? ஆனால் அவன் மனைவி ஜெசிந்தா மேரி டீச்சர், பள்ளிக்கூடத்தில் பேசுவதற்காகக் காலையில் தோசை சுட்டுக்கொண்டே ஒப்பித்துப் பார்த்த பேச்சு நினைவுக்கு வந்தது. பாதி வந்தது, பாதி மறந்தது. வந்த பாதியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான்.

"நாட்டோட அரசியல் சட்டத்தையே எதுத்துப் பேசியிருக்காங்கண்ணா. எழுதினப்பவே, அந்த சபையிலயே. இவ்ளோ பெரிய சட்டத்துல கிராமம் எங்க இருக்குன்னு ஒருத்தர் மாத்தி ஒருத்தர் கேட்டாங்க. அவங்க பேசினது அச்சாகி இன்னிக்கும் இருக்கு. அப்புறந்தான் கிராமப் பஞ்சாயத்துன்னு ஒரு பிரிவைச் சேத்தாங்க. கேட்டவங்கல்லாம் நாட்டுக்கு எதிரியா? நான் சங்கம் வாணாங்கல. எங்க வயலும் இந்த ஏரியிலதான் இருக்குன்னு எழுதுங்கன்றேன்."

பாக்யராஜ் ஸ்டாம்பைக் கீழே வைத்துவிட்டுப் பேனாவைத் திறந்தார். கோபம் போகவில்லை, ஆனாலும் எழுதினார், எழுதியதைச் சத்தமாக வாசிக்கவும் செய்தார். "விதி பத்தொன்பதுக்கு ஆட்சேபணை. மரிய அருள், ஒருவர். போதுமா?"

"ரெண்டுன்னு போடு," என்றது முன்வரிசையிலிருந்து ஒரு குரல்.

பேசியது ஜெயமணி! தலைமடைக்காரர், மதகுக்கு அடுத்த வயலே அவருடையதுதான். மரிய அருள் வாயைப் பிளந்தான்.

"எனக்குத் தண்ணி முட்டிவரைக்கும் நிக்குது. எம்பொண்ணைக் குடுத்த வூட்டுக்காரங்களுக்கு நெலம் கடைமடையில. போன போகம் ஒரே ஒரு தண்ணி தவறிக் காஞ்சதுல பொண்ணு எங்கிட்ட ஆறு மாசம் பேசல," என்றார் ஜெயமணி.

"என் பேரையும் சேத்துக்க," என்றார் சேவியர். அவருக்கும் மரிய அருளுக்கும் நடுவே ஒரே ஒரு வரப்புதான். பிறகு ஒவ்வொரு கையாகத் தயங்கித் தயங்கி எழுந்தது. எழுதி எழுதிப் பாக்யராஜுக்கு வியர்த்துவிட்டது. எண்ணிப் பார்த்தால் பதினெட்டுப் பேர்.

"அடப் பாவிங்களா!" என்று தலையில் கை வைத்தவர், தன்னை அறியாமல் சிரித்துவிட்டார். "பாதிக்கு மேல எதுப்பு. இத்தினி வருஷமா நான் யாருக்குய்யா ஸ்டாம்பு குத்திக்கினு இருந்தேன்?"

விதியை அங்கேயே மாற்றினார்கள். ஒரு முறை தலைமடையில் தொடங்கினால் மறுமுறை கடைமடையில். பால் பிடிக்கிற பயிர் இருப்பதால் இந்தத் தடவை கடைமடைக்கே முதல் தண்ணீர், நாளைக் காலையே.

மரிய அருள் வெளியே வந்து வேப்பமரத்தடியில் அப்படியே உட்கார்ந்துவிட்டான். அப்பாடா! நெஞ்சில் ஏறியிருந்த மூட்டையை யாரோ இறக்கி வைத்தது மாதிரி இருந்தது. சிரிப்பும் வந்தது, கண்ணில் தண்ணீரும் வந்தது. சேவியர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"ஏன்டா, உனக்கு இஷ்டமில்லன்னா எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்றதுக்கு இன்னா? விதியெல்லாம் வாட்ஸ்அப்புல வந்து ஒரு வாரம் ஆச்சே. நீ கட்டைவிரல் போட்டிருந்தியேடா."

"நீ போட்டதைப் பாத்துட்டுத்தாண்ணா நான் போட்டேன்," என்றான் மரிய அருள்.