கார்ப்பெட்டில் ஒரு கை அகலம்

மாமனார் சிந்தியது என்னவோ அரை டம்ளர் தேநீர்தான். ஒரு துணியால் துடைத்துவிட்டுச் சும்மா இருந்திருந்தால் இந்தக் கதைக்கே வேலை இல்லை. அந்த மனிதருக்குச் சும்மா இருக்கத்தான் வராது. குளியலறையிலிருந்து பிளீச் பாட்டிலை எடுத்துவந்து, சட்டைக் காலர் அழுக்கையே விரட்டுகிற மருந்து இதை விரட்டாதா என்று தாராளமாக ஊற்றினார். தேநீர்க் கறை போயிற்று. கூடவே கார்ப்பெட்டின் பச்சையும் போயிற்று. கூடத்தின் நட்டநடுவில், ஒரு கை அகலத்துக்கு, மஞ்சளாக ஒரு திட்டு பல்லிளித்தது.

அது அவருடைய வீடும் இல்லை. மனைவி தவறிய பிறகு, "கொஞ்ச நாள் எங்ககூட வந்து இருங்கப்பா" என்று மகள்தான் அழைத்துவந்தாள். கொஞ்ச நாள் என்றால் எவ்வளவு நாள் என்று அவள் சொல்லவில்லை, இவரும் கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடுமே என்ற பயம். அதனால் அந்த வீட்டில் அவர் பூனை மாதிரி நடந்தார். குழாயைப் பாதிதான் திறப்பார். பசித்தாலும் ஃப்ரிட்ஜைத் தானாகத் திறக்கமாட்டார்.

மகள் ஆஸ்பத்திரியில் தலைமை நர்ஸ். வீட்டுக்குள் நுழைந்தாள் என்றால் குரல் முதலில் வரும், ஆள் பின்னால் வரும். ஈரத் துண்டைக் கட்டிலில் போட்டதற்காகப் புருஷனை அரை மணி நேரம் வாங்குவாங்கென்று வாங்குவாள். அப்பா பக்கம் திரும்பும்போது மட்டும் அந்தக் குரல் பஞ்சாகிவிடும். "சாப்பிட்டீங்களாப்பா? நல்லாத் தூங்கினீங்களா?" சின்ன வயதில் "வாப்பா, போப்பா" என்று தலைமேல் ஏறி ஆடியவள், இப்போது வார்த்தைக்கு வார்த்தை நீங்க, வாங்க. அந்த மரியாதைதான் அவருக்கு உறுத்தியது. நேற்று வந்த ஆளிடம்தான் அப்படிப் பேசுவார்கள் என்று அவர் மனதில் பதிந்துவிட்டது.

மத்தியானம் மாப்பிள்ளை சாப்பிட வந்தபோது, மாமனார் கூடத்தின் நடுவே நாற்காலி போட்டு, கால்களைச் சேர்த்து வைத்து உட்கார்ந்திருந்தார்.

"என்ன மாமா, இங்க உக்காந்திருக்கீங்க?"

"காத்து நல்லா வருது மாப்பிள்ளை."

"ஜன்னல் அந்தப் பக்கம்ல இருக்கு?"

மாமனார் எழுந்து, நாற்காலியை நகர்த்தி, குற்றவாளியைக் காட்டுவது போலத் தரையைக் காட்டினார். "சாயங்கால வண்டிக்கு நான் தம்பி வீட்டுக்குக் கெளம்பிடறேன் மாப்பிள்ளை. அவ வர்றதுக்குள்ள போயிட்டா நல்லது. ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் இதுக்கு மெஷின் போட்டு, சீவிச் சிங்காரிச்சு வச்சிருக்கா. எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு அவளைப் பாக்கறது?"

மாப்பிள்ளை மண்டியிட்டு அந்த இடத்தைத் தடவிப் பார்த்தான். அவனுக்குப் பொய்ப்பல் செய்கிற பட்டறையில் வேலை. பக்கத்துப் பல்லோடு நிறம் ஒத்துப்போக வேண்டும் என்பதால், வெள்ளையிலேயே எத்தனை வெள்ளை இருக்கிறது என்று பிரித்துச் சொல்லுவான். அதில் அவனுக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

"கெளம்பறதெல்லாம் இருக்கட்டும் மாமா. மொதல்ல தண்ணி கொண்டாங்க. பிளீச் இன்னும் உள்ள தின்னுக்கிட்டுத்தான் இருக்கும்." தண்ணீர் விட்டு, துணியால் ஒற்றி, மறுபடி விட்டு ஒற்றினான். "கறைன்னா எடுக்கலாம். இது கலரே போயிடுச்சு. போனதை நாமதான் திருப்பி வைக்கணும். கலர் விஷயத்தை எங்கிட்ட விடுங்க."

விட்டார். மாப்பிள்ளை கடைக்குப் போய்த் துணிச் சாயம் வாங்கிவந்து, பச்சையில் கொஞ்சம் நீலமும் கொஞ்சம் கறுப்பும் கலந்து, ஒற்றைக் கண்ணை மூடிப் பார்த்து, மெல்லிய தூரிகையால் ஓரத்திலிருந்து தடவத் தொடங்கினான். ஈரத்தில் பார்த்தால் அச்சு அசலாக இருந்தது. மின்விசிறியைப் போட்டுக் காயவைத்ததும் கிளிப்பச்சையாகி, தெருவில் போகிறவனையும் கூப்பிட்டுக் காட்டும் போல ஆனது.

"பல்லுக்கு இப்படி ஆகாது" என்றான் மாப்பிள்ளை, அடிபட்ட குரலில்.

இனி ஒரே வழி, ஒட்டுப்போடுவது. கெட்ட இடத்தைச் சதுரமாக வெட்டி எடுத்துவிட்டு, அதே கார்ப்பெட்டிலிருந்து அதே அளவு துண்டை வெட்டி ஒட்டவேண்டும். எல்லா அறைக்கும் ஒரே கார்ப்பெட் என்பதால் துண்டுக்குக் கவலை இல்லை. வெட்டுகிற இடம் மட்டும் யார் கண்ணிலும் படாததாக, எப்போதும் நகராத சாமானுக்கு அடியில் இருக்கவேண்டும். படுக்கையறை பீரோவைப் போல நகராத சாமான் அந்த வீட்டில் வேறு இல்லை.

இரண்டு பேரும் பீரோவிலிருந்த துணிமணியை எல்லாம் கட்டிலில் அள்ளிப்போட்டுவிட்டு, மூச்சுத் திணறத் திணற அதைத் தள்ளினார்கள். நகர்ந்தது. பார்த்தால், மூலையில் கார்ப்பெட்டைக் காணோம். சதுரமாக ஒரு ஓட்டை, அதில் வெறும் சிமெண்டுத் தரை.

"எலியா இருக்குமோ?" என்றார் மாமனார்.

"எந்த எலி மாமா ஸ்கேல் வச்சுக் கடிக்கும்?"

ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இந்த வீட்டில் இருப்பது மூன்றே பேர். மாப்பிள்ளை வெட்டவில்லை. மாமனார் வந்து சில வாரங்கள்தான் ஆகிறது. அப்படியானால் இந்தத் துண்டு வேறு எங்கோ ஒட்டப்பட்டிருக்கிறது. உடனே மாப்பிள்ளைக்கு ஆவேசம் வந்துவிட்டது. ஒட்டவேண்டிய வேலையை மறந்து, தரையில் தவழ்ந்து, முடியைக் கோதுவது போலக் கார்ப்பெட்டைக் கோதிக்கொண்டே போனான். அவன் போன பக்கத்துக்கு எதிர்ப்பக்கமாக மாமனாரும் தவழ்ந்தார்.

"இங்க இருக்கு மாப்பிள்ளை. இங்க மட்டும் பச்சை கொஞ்சம் கெட்டியா இருக்கு. வெயில் படாத துண்டு."

கட்டிலில் மாப்பிள்ளை படுக்கிற பக்கம். காலையில் எழுந்ததும் அவன் முதலில் கால் வைக்கிற இடம்.

"அயர்ன் பாக்ஸ் விழுந்துடுச்சு" என்று அறை வாசலிலிருந்து ஒரு குரல் கேட்டது. "நாலு வருஷமாச்சு. தெனமும் அதும்மேலதான் நிக்கறீங்க."

மகள் யூனிஃபார்மோடு நின்றுகொண்டிருந்தாள். தரையில் தவழ்ந்த நிலையிலேயே இரண்டு பேரும் திருதிருவென்று விழித்தார்கள். அவள் முகத்திலும் குட்டு வெளிப்பட்டுவிட்ட அசடு வழிந்தது. கூடத்தைத் தாண்டித்தான் வந்திருக்கிறாள், கிளிப்பச்சையைப் பார்க்காமல் இருந்திருக்க முடியாது.

"நான்தாம்மா. பிளீச்சை ஊத்திட்டேன்" என்றார் மாமனார்.

அவள் கண்ணில் ஒரு கணம் ஏதோ பொறி பறந்தது. உடனே அதை அடக்கிக்கொண்டாள். "பரவாயில்லப்பா, விடுங்க. கையில பட்டுச்சா? கண்ணு எரியுதா? இப்படி உக்காருங்க, தண்ணி கொண்டுவரேன்."

அந்தப் பஞ்சுக் குரலை மாமனாரால் தாங்க முடியவில்லை. "நான் என்ன உன் வார்டு நோயாளியா?" என்றார். குரல் உடைந்துபோயிற்று. "ஈரத் துண்டுக்கு அவரை அந்தக் கத்து கத்தற. நான் கார்ப்பெட்டையே நாசம் பண்ணியிருக்கேன், எனக்குப் பரவாயில்லையா? விருந்தாளிகிட்டதாம்மா அப்படிச் சொல்லுவாங்க. நான் தம்பி வீட்டுக்கே போயிடறேன்."

மகள் பொத்தென்று கட்டிலில், குவிந்து கிடந்த துணிகளுக்கு நடுவில் உட்கார்ந்தாள்.

"அம்மாவைத் திட்டினேன்ப்பா" என்றாள். "கடைசியாப் பேசினது அதுதான். மாத்திரை போட மறந்துட்டாங்கன்னு போன்ல அப்படிக் கத்தினேன். ரெண்டு நாள்ல போயிட்டாங்க. இனிமே உங்ககிட்டக் கொரலை ஒசத்தவே கூடாதுன்னு இருக்கேன். ஒவ்வொரு தடவையும் பல்லைக் கடிச்சிக்கிட்டு இருக்கேன்."

மாமனார் கட்டில் சட்டத்தைப் பிடித்து எழுந்து, மகள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அந்த போன் வந்தபோது மனைவியின் பக்கத்தில்தான் அவர் இருந்தார். இதை இத்தனை நாள் மகள் தனியாகச் சுமந்திருக்கிறாள் என்பது அவருக்குத் தோன்றவே இல்லை. மரியாதை என்று தான் நினைத்ததெல்லாம் பயம் என்று இப்போதுதான் புரிந்தது.

"அன்னைக்கு போனை வச்சுட்டு உங்கம்மா சிரிச்சாடி. 'கேட்டீங்களா, உங்க பொண்ணு என்னை என்ன போடு போடறா'ன்னு சொல்லிட்டு மாத்திரையை எடுத்துப் போட்டுக்கிட்டா. பக்கத்து வீட்டுக்காரிகிட்டப் போயி, எம் பொண்ணுக்கு எம்மேல எவ்வளவு அக்கறை பாருன்னு அளந்துட்டு வேற வந்தா. சத்தியமாச் சொல்றேன். அவ மனசுல குறையே இல்ல."

மகள் அழுதாள். அடக்காமல், மூக்கு ஒழுக, யூனிஃபார்ம் கையாலேயே துடைத்துத் துடைத்து அழுதாள். மாமனார் அவள் தலையைத் தடவிக்கொண்டே இருந்தார். அவருக்கும் கண் நிறைந்தது. மாப்பிள்ளை என்ன செய்வதென்று தெரியாமல் ஒரு துண்டை எடுத்து நீட்டினான். ஈரத் துண்டு.

அவள் அதில் முகத்தைத் துடைத்தாள். எழுந்து கூடத்துக்குப் போனாள். இருவரும் பின்னாலேயே போனார்கள். கிளிப்பச்சைக்கு முன்னால் இடுப்பில் கை வைத்து நின்றாள். மூச்சை ஒருதரம் இழுத்து விட்டாள்.

"அறிவிருக்காப்பா உனக்கு? பாத்ரூம் கழுவறதை எடுத்து யாராவது கார்ப்பெட்டுல ஊத்துவாங்களா? பாட்டில்ல எழுதியிருக்குல்ல, கண்ணாடி எதுக்குப் போட்டிருக்க? ஒரு போன் பண்ணிக் கேட்டா கொறைஞ்சா போயிடுவ? ஏங்க, நீங்க எங்க நழுவறீங்க? கலரு பாக்கற லட்சணமா இது? இதுக்குப் பிளீச்சே தேவல!"

மாமனார் தலையைக் குனிந்துகொண்டு எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டார். சந்தோஷத்தில் அவருக்குக் காது சூடாகியிருந்தது. இத்தனை வாரங்களுக்குப் பிறகு நெஞ்சு லேசாக இருந்தது.

"சரி, துண்டுக்கு இப்ப எங்க போறது?" என்று மாப்பிள்ளை இடையில் புகுந்தான். "பீரோ அடியைத்தான் நீ ஏற்கெனவே காலி பண்ணிட்டியே. அங்க இன்னொண்ணு வெட்டினா பீரோ ஆடும்."

"அப்பா ரூம்ல, கட்டிலுக்கு அடியில வெட்டுங்க."

"அங்க வேணாம்மா" என்றார் மாமனார். "நாளைக்கு நான் போனப்புறம் கட்டிலை எடுத்தா, ஓட்டை பளிச்சுன்னு தெரியுமே."

"நீ எங்க போற?" என்று அதட்டினாள் மகள். "நகராத சாமானுக்கு அடியிலதான வெட்டணும்? அந்தக் கட்டில் நகராது. வெட்டுங்க."

மாமனார் மாப்பிள்ளைக்கு முந்தி தன் அறைக்குப் போய், கட்டிலின் ஒரு பக்கத்தைத் தானே தூக்க ஆரம்பித்தார்.

"இடுப்புப் புடிச்சிக்கப் போவுது, விடுப்பா!" என்று கூடத்திலிருந்து சத்தம் வந்தது.