ஐந்தாவது ஷரத்து

"கொஞ்சம் சாய்ச்சுப் பிடிங்க, நிலையில இடிக்குது" என்றார் ஆஸ்பத்திரி வண்டிக்காரர். தலைப்பக்கம் அவரும் சித்தப்பாவும், கால்பக்கம் அவள். ஆஸ்பத்திரியில் இறந்துபோன அப்பாவை மூன்று பேரால் வாசலில் திருப்ப முடியவில்லை. முப்பது வருஷம் லேத் பட்டறையில் இரும்போடு மல்லுக்கட்டிய உடம்பு.

வீட்டுக்காரர் செருப்பைக் கழற்றிவிட்டுப் படிக்கு வெளியிலேயே நின்றார்.

"சார், ஒரு கை பிடிங்களேன்."

"உள்ள வரலாமாம்மா?"

அவளுக்குச் சுருக்கென்றது.

எட்டு மாசத்துக்கு முன்னால் அந்த வாடகைப் பத்திரத்தை டைப் அடித்தவள் அவள்தான். குடும்பத்தில் முதல் பட்டதாரி. பதினாறு வருஷம் வெறும் வாய்ப்பேச்சில் ஓடிய வீட்டுக்குப் பன்னிரண்டு ஷரத்து போட்டாள். ஐந்தாவது, ஒரு நாள் முன்கூட்டிச் சொல்லாமல் வீட்டுக்காரர் உள்ளே வரக்கூடாது. மாடியிலிருந்து இறங்கி, கதவைத் தட்டாமல், "எங்கடா பட்டறை?" என்று அப்பாவைக் கூப்பிட்டபடி நேரே கூடத்தில் வந்து உட்காருகிற மனுஷன். ஈரத் தலையும் துண்டுமாக அவள் வந்து நின்ற அன்றும் அப்படித்தான் வந்தார். "நம்ம வீடுதானே பாப்பா" என்றார். அந்த 'நம்ம'தான் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அப்பா கையெழுத்துப் போட்டுவிட்டுச் சிரித்தார். "இது கட்டில் காலுக்கு முட்டுக் கொடுக்கத்தான் ஆகும்."

"படிக்காத பேச்சு பேசாதீங்கப்பா."

வீட்டுக்காரர் இரண்டு தடவை படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டார். மறுநாளிலிருந்து வரவில்லை. அவரும் அப்பாவும் ஆடுகிற கேரம் போர்டு சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டது. சாயங்காலம் மாடியில் நாற்காலி இழுபட்டால் அப்பா தலையைத் தூக்குவார். அவள் பார்த்திருக்கிறாள். பார்த்துவிட்டு உள்ளே போயிருக்கிறாள்.

"வாங்க சார்" என்றாள்.

"நேத்தே சொல்லியிருக்கணும்னுல்ல போட்டிருக்க."

குத்தலா, நிஜமாகவே கேட்கிறாரா? முகத்தைப் பார்த்து ஒன்றும் சொல்ல முடியவில்லை. அப்பாவின் கால்கள் அவள் பிடியிலிருந்து நழுவின; இழுத்துப் பிடித்தாள்.

"மாமா, அப்பா கனக்கிறாரு."

எட்டு மாசமாக அவள் சொல்லாத சொல் அது. அவர் படியேறி வந்து இடுப்புக்குக் கீழே கை கொடுத்தார்.

"ஆட்டத்துலயும் இப்படித்தான். தோத்தா எழுந்திரிக்கவே மாட்டான்" என்றார், யாரையும் பார்க்காமல்.

கூடத்துக் கட்டிலில் கிடத்தினார்கள். தரை பள்ளம்; கட்டில் டக்கென்று ஒரு பக்கம் சாய்ந்தது. அவர் உள்ளங்கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, கீழே வைக்க ஏதாவது கிடைக்குமா என்று சுற்றும் முற்றும் பார்த்தார்.

அவள் அலமாரியைத் திறந்தாள். பிளாஸ்டிக் உறையை உருவிப் போட்டுவிட்டுப் பத்திரத்தை நாலாக மடித்தாள், எட்டாக மடித்தாள். மண்டியிட்டுக் கட்டில் காலுக்கடியில் சொருகினாள்.

"இப்ப ஆடுதா, மாமா?"

அவர் அழுத்திப் பார்த்தார்.

"இல்ல."

கையை மட்டும் எடுக்கவில்லை.