மூக்கு வண்டி

இதனால் சகலருக்கும் அறிவிப்பது என்னவென்றால், மூன்றங்குல பிவிசி குழாய் ஒன்று நேற்று விடிகாலை நாலே முக்காலுக்குத் தன்னைப் பெற்ற தகப்பனை இழந்தது. இரண்டு எல்போ, மூன்று கவ்வி வளையம், ஒரு டீ வடிகட்டி, கூம்பு மாதிரி ஒரு ஃபில்டர் ஆகியவற்றை உடன்பிறப்புகளாகக் கொண்ட அந்தக் குழாய், ரொட்டி வண்டியின் முன்பக்கத்தில் வழக்கம்போல வாயைப் பிளந்துகொண்டு நின்றது. அதன் துயரத்தில் பங்குகொள்ள ஏறக்குறைய தெருவே திரண்டு வந்திருந்தது.

இறந்தவரின் ஒரே தம்பி மட்டும் வீட்டுக்குள் இல்லை. பானெட்டைத் திறந்து வைத்து, வெள்ளைச் சட்டையின் கைகளை மடித்துவிட்டுக்கொண்டு, அந்தக் குழாயைப் பிடித்திருந்த கவ்வியை ஸ்க்ரூ டிரைவரால் திருகிக்கொண்டிருந்தார்.

அவர் இன்ஜினியர். தெருவில் எல்லோரும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். கோபம் வந்தால் அவர் மனைவியும். பம்பு தொழிற்சாலையில் தரப் பரிசோதனைப் பிரிவுக்குத் தலைவர். இருபத்திரண்டு வருட சேவையில் ஒரு பம்பைக்கூட அவர் செய்ததில்லை. மற்றவர்கள் செய்ததில் நாலாயிரத்துக்கு மேல் நிராகரித்திருக்கிறார். அண்ணன் எட்டாவதோடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவர். முப்பது வருடமாக ரொட்டி வண்டி ஓட்டினார். நேற்று ரொட்டித் தட்டுகளை வண்டியில் அடுக்கிக்கொண்டிருந்தபோதே உட்கார்ந்தார், எழுந்திருக்கவில்லை.

ஆறு வருடத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பிளம்பர் மிச்சம் வைத்த குழாயை அறுத்து அண்ணன் இந்தக் காரியத்தைச் செய்தார்.

"இன்ஜின் தன் சூட்டுல தானே வெந்துக்கிட்டு, அந்தக் காத்தையே திரும்ப இழுக்குதுடா. அடுப்புக்குள்ள மூக்க வெச்சுக்கிட்டு ஓடுன்னா நீ ஓடுவியா? அதான் மூக்க வெளிய இழுத்து விட்டுட்டேன். இனிமே குளுந்த காத்து."

அன்றிலிருந்து அது மூக்கு வண்டி. முன்பெல்லாம் ஊர்க்கோடி மேட்டை இரண்டாவது கியரில் முக்கி முனகி ஏறிய வண்டி, மூக்கு வைத்த பிறகு முழு லோடோடு மூன்றாவதில் ஏறுகிறது என்று அண்ணன் சொன்னார். ஏறி உட்கார்ந்து பார்த்தவர்களும் சொன்னார்கள். ஏறாதவர்கள் இன்னும் உறுதியாகச் சொன்னார்கள். வண்டியின் சத்தம் மட்டும்தான் கூடியிருக்கிறது என்று இன்ஜினியருக்குத் தெரியும். சத்தத்தைச் சக்தி என்று நினைப்பது மனித சுபாவம். மேடைப் பேச்சாளர்கள் பிழைப்பதே அதை நம்பித்தான்.

தனக்கு இருந்ததை அவர் பொறாமை என்று சொல்லிக்கொண்டதில்லை. தொழில்நுட்பக் கருத்து வேறுபாடு என்று பெயர் வைத்திருந்தார். கல்யாண வீடோ கருமாதி வீடோ, காரில் ஏதாவது முனகினால் சொந்தக்காரர்கள் படித்த இன்ஜினியரைத் தாண்டிப்போய் ரொட்டி வண்டிக்காரரிடம் கேட்பார்கள். அந்தக் கருத்து வேறுபாடு அப்போதெல்லாம் ஒரு சுற்று பெருக்கும்.

நாலு வருடத்துக்கு முன்னால் தொழிற்சாலையிலிருந்து இரண்டு வெப்பமானிகளைக் கொண்டுவந்து, ஒரு நாள் முழுக்க மூக்கைப் பரிசோதித்தார். குழாய்க் காற்று வெளிக்காற்றைவிட ஏழு டிகிரி சூடு. நாலு பக்க அறிக்கை, வரைபடத்துடன். கடைசிப் பக்கத்தில், 'இந்த இடத்தில் ஒரு வெப்பத் தடுப்பாவது வைத்திருக்கலாம்' என்று ஒரு கறாரான வாக்கியம். எல்லாவற்றையும் பிரிவின் முத்திரை குத்திய தடித்த கிளிப் அட்டையில் செருகி அண்ணனிடம் கொடுத்தார். அண்ணன் முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டு, "படிக்கிறேன்டா" என்றார். அதற்குப் பிறகு அந்தப் பேச்சே எடுக்கவில்லை. தோற்றேன் என்றும் சொல்லவில்லை.

இன்று காலை இன்ஜினியர் கண்ணாடி போட்ட அமரர் ஊர்தி ஒன்றை வரவழைத்திருந்தார். நீளமான, வழவழப்பான வண்டி. தம்பி செய்தது என்று நாலு பேர் பார்க்கட்டும். பேக்கரி முதலாளி அதைப் பார்த்துவிட்டு நெஞ்சில் கைவைத்தார்.

"வண்டிக்கே மூச்சு குடுத்த மனுசனுக்கு மூச்சு நின்னுபோச்சே" என்றார். காலையிலிருந்து நாலாவது முறை. ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் நிறுத்தி, அதே இடத்தில் தழுதழுத்தார். யாருக்கானாலும் கடைசியில் நிற்பது மூச்சுதான் என்பதை ஒருவரும் எடுத்துச் சொல்லவில்லை. "அவரு கண்ணாடிப் பெட்டியில போறதா? மூக்கு வண்டியிலதான் போவணும்."

கூட்டம் ஆமாம் என்றது. ஊர்தியின் டிரைவர் ஒரு டீயைக் குடித்துவிட்டுத் திரும்பிப் போனார். அண்ணி தலையை மட்டும் தூக்கி, "நீங்களே ஓட்டிடுங்க தம்பி. வேற யாரும் வேணாம்" என்றார்.

சரி, ஓட்டலாம். ஆனால் மூக்கு இல்லாமல். தெருவே பார்க்க, மூக்கு இல்லாமல் மூன்றாவது கியரில் மேடு ஏற வேண்டும். ஆறு வருட வழக்குக்கு இன்று தீர்ப்பு. பிரதிவாதியும் வண்டியிலேயே இருப்பார். குறுக்கே பேச மாட்டார்.

முதல் கவ்வி தளர்ந்தபோது மனைவி வந்து நின்றாள்.

"என்னங்க, உள்ள எல்லாரும் உங்களத் தேடுறாங்க. சாவு வீட்டுல ஸ்க்ரூ டிரைவரும் கையுமா என்ன பண்றீங்க?"

"பாதுகாப்புக் காரணம்."

"யாருக்கு? உள்ள படுத்திருக்காரே அவருக்கா?"

அவர் திருகிக்கொண்டே இருந்தார்.

"நம்ம கார்ல கடகடன்னு ஒரு சத்தம் வந்துச்சுல்ல? அதையும் அவருதான் சரி பண்ணாரு. போய் அதையும் கழட்டிட்டு வந்துடுங்க."

ஸ்க்ரூ டிரைவர் நின்றது. "அது தானா நின்னுபோச்சுன்னு சொன்ன?"

"நீங்க வெளியூர் போயிருந்தப்ப உங்க அண்ணன் வந்து பாத்தாரு. சொன்னா மூணு நாளைக்கு மூஞ்சியத் தூக்கி வெச்சுப்பீங்க. எதுக்கு வம்புன்னு விட்டுட்டேன்."

அவள் போய்விட்டாள். இன்ஜினியர் இரண்டாவது கவ்வியை யாருடைய கழுத்தையோ திருகுவது போலத் திருகினார். ஃபில்டரைப் பிடித்து இழுக்கக் கையை உள்ளே விட்டபோது, அதற்கும் இன்ஜினுக்கும் நடுவில் ஏதோ தடுத்தது. வெள்ளித்தாள் சுற்றிய ஒரு பலகை. தாளின் ஒரு மூலையைக் கிழித்தார். உள்ளே அவருடைய கிளிப் அட்டை. பிரிவின் முத்திரை அப்படியே இருந்தது.

நாலாம் பக்கத்தில் அவர் அம்புக்குறி போட்டுக் காட்டிய அதே இடம். அங்குலம் பிசகவில்லை.

ஆக, அண்ணன் படித்திருக்கிறார். படித்து, ஒப்புக்கொண்டு, தடுப்பு வைத்திருக்கிறார். வைத்துவிட்டு வாயைத் திறக்கவில்லை. அப்படியானால் இந்த நாலு வருடமாக மேடு ஏறியது யாருடைய மூளை? ஊரெல்லாம் புகழ்ந்த மூக்கில் பாதி யாருடையது?

மனிதனுக்குக் கட்சி மாற அரை நிமிடம் போதும். கிழித்த மூலையை விரலால் நீவி ஒட்டினார். இரண்டு கவ்விகளையும் முன்பிருந்ததைவிட இறுக்கமாகத் திருகினார். அப்போதுதான் பிளம்பர் எட்டிப் பார்த்தார்.

"என்ன சார், மூக்கக் கழட்டணுமா? குடுங்க, ஒரு நிமிசத்துல உருவிடுறேன்."

"யாரும் கை வைக்கக் கூடாது. இது ரொம்ப நுணுக்கமான அமைப்பு" என்றார் இன்ஜினியர்.

தட்டு வைக்கும் அடுக்குகளை எடுத்துவிட்டு அண்ணனைக் கிடத்தினார்கள். ரொட்டி வாசனை போகவில்லை. பேக்கரி முதலாளியும் இன்னும் மூன்று பேரும் அவரைச் சுற்றிக் குந்தினார்கள். பிளம்பர் முன்சீட்டில் ஏறிக்கொண்டார். மற்றவர்கள் பின்னால் நடந்தார்கள். அண்ணன் உட்கார்ந்து உட்கார்ந்து சீட்டில் ஒரு பள்ளம் விழுந்திருந்தது. இன்ஜினியருக்கு அது அளவில் பெரிதாக இருந்தது.

ஊர்க்கோடி வந்தது. மேட்டின் உச்சியில் மயானத்தின் சுவர் தெரிந்தது. மூன்றாவது கியர். வண்டி கர்ஜித்துக்கொண்டு ஏறியது.

"பாருங்கய்யா, மூக்கு இழுக்கிற இழுப்ப" என்றார் முதலாளி பின்னாலிருந்து.

ஆறு வருடத்தில் முதல் முறையாக அந்தச் சத்தம் இன்ஜினியரின் காதுக்கு இனித்தது. பின்னால் கேட்கும்படியே பிளம்பரிடம் பேசினார். "உள்ள ஒரு தடுப்பு இருக்கு, தெரியுமா? வெள்ளித்தாள் சுத்தினது. உயிர்நாடியே அதுதான். அது என்னோட யோசனை."

"எது, அந்த அட்டையா?" என்றார் பிளம்பர். "ஃபில்டர் லொடலொடன்னு ஆடிக்கிட்டே இருந்துச்சு சார். போன மாசம் நான்தான் வீட்டுக்குள்ள போய் எதாவது கெட்டியா கிடைக்குதான்னு தேடி, பரண்ல கிடந்ததக் கொண்டாந்து செருகினேன். 'ஐயோ, தம்பி குடுத்ததாச்சே'ன்னாரு அண்ணன். அப்புறம் அவரே வெள்ளித்தாள் சுத்திக் குடுத்தாரு, அழுக்காயிடக் கூடாதுன்னு."

"அதுல நாலு பக்கம் இருந்திருக்குமே?"

"பேப்பரா? அத உருவி மடிச்சுச் சட்டைப் பையில வெச்சுக்கிட்டாரு."

இன்ஜினியர் மேற்கொண்டு கேட்க வாயைத் திறந்தபோது வண்டி இரண்டு முறை உதறியது. இருமியது. நின்றது. பாதி மேடு.

கை பிரேக்கை இழுத்தார். சாவியைத் திருகினார். மறுபடி திருகினார். பின்னால் நடந்து வந்தவர்கள் வந்து சேர்ந்து சுற்றி நின்றார்கள்.

"அண்ணன் கையில ஒரு நாளும் நின்னதில்ல" என்றார் முதலாளி.

"காலையில சார் எதையோ கழட்டிக்கிட்டிருந்தாரு" என்றது ஒரு குரல்.

இன்ஜினியர் இறங்கிப் பானெட்டைத் திறந்தார். கவ்விகள் இறுக்கமாக இருந்தன. மூக்கு இருந்தது. அட்டை இருந்தது. எல்லாம் இருந்த இடத்தில் இருந்தன. அண்ணியும் நடந்து வந்து சேர்ந்து அவர் முகத்தையே பார்த்தார். தரப் பரிசோதனைப் பிரிவில் இன்ஜினியர் நாலாயிரம் பம்புகளை இதே மாதிரி பார்த்திருக்கிறார். பார்க்கப்பட்டது இதுதான் முதல் முறை.

"தள்ளிடலாம்" என்றார் பிளம்பர். "நான் ஸ்டியரிங் பிடிக்கிறேன்."

உள்ளே இருந்தவர்கள் இறங்கினார்கள். பின்பக்கம் எல்லோரும் ஆளுக்கொரு இடம் பிடித்தார்கள். நடுவில் மட்டும் யாரும் நிற்கவில்லை. இன்ஜினியர் ஷூவைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு அங்கே போய் நின்றார். கதவில் இரண்டு உள்ளங்கைகளையும் ஊன்றினார். கதவின் அந்தப் பக்கம் அண்ணனின் பாதங்கள் இருந்தன. யாரோ ஒன்று, இரண்டு எண்ணினார்கள். மூன்று சொல்வதற்குள் அவர் தள்ள ஆரம்பித்துவிட்டார்.

"பொறுங்க சார், சேந்து தள்ளுவோம்" என்றார்கள். அவர் காதில் விழவில்லை.

மேட்டின் உச்சிக்குப் போய்ச் சேர்ந்து டேங்க் மூடியைத் திறந்து பார்த்தபோதுதான் தெரிந்தது: வண்டியில் பெட்ரோல் இல்லை.