சுரங்கத்தில் ஒரு கரடி

கணினி திடீரென்று அலறியதில் அவள் கையிலிருந்த டீ மேசையில் கொட்டியது. துடைக்கத் துணி தேடுவதற்குள் அதிகாரி நாற்காலியை உருட்டிக்கொண்டே வந்துவிட்டார்.

"கரடி! சத்தியமா கரடி!"

திரையில் அரையிருட்டு. அதில் கறுப்பாய், நான்கு காலில் ஓர் உருவம். அதிகாரிக்கு வாயெல்லாம் பல். இருக்காதா பின்னே? நெடுஞ்சாலைக்கு அடியில் காட்டு விலங்குகள் கடந்துபோக அரசாங்கம் கட்டிய சுரங்கம் அது. கட்டிய நாளாய் எலிகூட எட்டிப் பார்க்கவில்லை. மிருகம் வராவிட்டால் அடுத்த ஆண்டு நிதி கிடையாது, சுவர் எழுப்பி மூடிவிடுவார்கள். மனிதன் நுழைந்தது தெரிந்தாலோ அன்றைக்கே பூட்டு.

அவள் மட்டும் திரைக்கு அருகே குனிந்து பார்த்தாள். கரடியின் முதுகில் சதுரமாய் ஓர் ஒட்டு. மாமனாரின் கம்பளி கிழிந்தபோது அவளே தைத்துக் கொடுத்தது.

சாலையை அகலமாக்கி வேலி போட்டதிலிருந்து வீடு இந்தப் பக்கம், மாமனாரின் பஞ்சர் கடை அந்தப் பக்கம். கண்ணெதிரே தெரியும் கடைக்கு அடுத்த ஊர் வரை பஸ்ஸில் சுற்றிக்கொண்டு போக வேண்டும். ஆட்கள் கடக்க ஒரு பாலம் கேட்டதற்கு நிதி இல்லை என்று பதில் வந்தது. அவர் சுரங்கத்தில் நடந்தார். சுரங்கத்துக் கேமராவைக் கவனிப்பது அவள் வேலை; அதில் விழுந்த அவர் படங்களைச் சத்தமில்லாமல் அழித்துவந்தாள். போன வாரம்தான் கேமராவை நேரே ஆபீஸ் திரையோடு இணைத்து அலாரமும் வைத்தார்கள். "இனிமே ஆள் தெரிஞ்சா அவ்வளவுதான் மாமா" என்று வீட்டில் சொன்னதும் அவள்தான்.

ஆள் தெரியாமல்தான் போயிருக்கிறார்.

"என்னம்மா, பேயறைஞ்ச மாதிரி நிக்கிறே? உன் வேலையும் தப்பிச்சுதுல்ல, சிரி!" அதிகாரி மேலிடத்துக்குப் போன் போட்டார். பேசப் பேசக் குரல் இறங்கியது. வைத்துவிட்டுத் தலையைச் சொறிந்தார். "ஒத்தைக் கரடின்னா வழி தவறி வந்திருக்குமாம். ஜோடியா வந்தாத்தான் பணமாம். அதுவும் இந்த வாரத்துக்குள்ள."

மாலையில், சண்டை போடுகிற தீர்மானத்தோடுதான் வீட்டுக்குள் நுழைந்தாள். மாமனார் கட்டிலில் உட்கார்ந்து, தோல் உரிந்த முழங்காலுக்கு மருந்து தடவிக்கொண்டிருந்தார்.

"ஆபீஸ்ல உங்களைக் கரடின்னு சொல்றாங்க மாமா."

"பரவால்லியே! உங்க அத்தை கல்யாணமான நாள்லேருந்து சொல்றதுதான். இப்ப அரசாங்கமும் ஒத்துக்கிச்சு."

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. ஜோடி விஷயத்தைச் சொன்னாள். அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். வேலிக் கம்பிகளுக்கு அப்பால், கடை வாசலில் தொங்கவிட்ட பழைய டயர் காற்றில் மெல்லச் சுற்றிக்கொண்டிருந்தது. பிறகு முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து, பெட்டியைத் திறந்து அடிவரை துழாவினார்.

"கறுப்புக் கம்பளி ஒண்ணுதாம்மா இருக்கு. உனக்குப் பழுப்பு பரவால்லியா?"